பொம்மையிடமும் கேட்டுவிட்டுத்தான் ஊசி

பிள்ளைகளே, காது கேட்காத ஆளிடம்கூட நான் அவ்வளவு சத்தம் போட்டுப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

பாளையங்கோட்டையில் ஒரு நர்சிங் கல்லூரிக்கு நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சமயம் அது. காலையில் மாணவிகளை விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன், மதியம் திருப்பிக் கொண்டுவருவேன். ஒருநாள் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி நெரிசலில் நின்றது. வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ஓர் ஆள் என் ஜன்னல் பக்கம் வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். சேரன்மகாதேவி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் வழி சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

“நேரே போயி சோத்தாங்கைப் பக்கம்! சோத்தாங்கை! இந்தக் கை! இந்தக் கை!”

பாலத்தில் போன இரண்டு பேர் ஏதோ சண்டை என்று நினைத்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

எனக்குப் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் பைய வந்தது.

“தம்பி, அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கு. தமிழ்தான் தெரியாது. நீங்க கத்துனா தமிழ் வந்துருமா?”

அதுதான் எங்கள் டீச்சர். சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த ஆளோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து, சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அன்று நாற்பது மாணவிகளும் வார்டுக்குத் தாமதம். ஏச்சு வாங்கியது நான்.

டீச்சருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், “எங்கிட்ட கேட்டியளா தம்பி?” என்பார். கேட்டாலோ வேண்டாம் என்பார். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கடற்கரையில் தன் ஊரிலேயே இருக்கிறார்.

ஆள் குள்ளம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். அந்தக் குடை மழைக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. யாராவது அடுத்தவரைக் கேட்காமல் எதையாவது செய்துவிட்டால் அதை ஆகாசத்துக்குத் தூக்குவார். “கேட்டியா?” என்பார். அவ்வளவுதான். பஸ்ஸில் ஒரு மாணவி ஜன்னலைச் சாத்தினால் குடை எழும்பும். “பக்கத்துல இருக்கவகிட்ட கேட்டியா?” நான் பாட்டுப் போட்டால் எழும்பும். “பின்னால நாப்பது பேரு இருக்காங்களே தம்பி, கேட்டியளா?” ஒருநாள் கேட்டேன். நாற்பது பேரும் நாற்பது பாட்டுச் சொன்னார்கள். அன்றோடு பாட்டே நின்றது.

ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்காரர் ஒருமுறை டீச்சருக்குச் சீனி போட்டு டீயை நீட்டிவிட்டார்.

“எதுக்குச் சீனி போட்டிய?”

“எல்லாருக்கும் போடுததுதானம்மா.”

“எல்லாருமா இங்கன வந்து நிக்காவ? நான் ஒருத்திதான நிக்கேன்?”

டீக்கடைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருத்திதான் நின்றார். வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கல்லூரியில் மாணவிகள் ஊசி போட்டுப் பழக ஒரு பொம்மை உண்டு. முழு ஆள் அளவு, கட்டிலில் படுத்தே கிடக்கும். ஒரு கை கழன்றுவிடும் என்பதால் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார்கள். டீச்சர் ஊசியை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போவார். குனிந்து, “ஊசி போடப்போறேன், சின்னதா வலிக்கும், சரியா?” என்பார். பிறகு காத்திருப்பார். பொம்மை விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஒருநாள் இசக்கியம்மாள் கேட்டேவிட்டாள். ராதாபுரம் பக்கத்துப் பிள்ளை. வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

“டீச்சர், இது எப்பம் பதில் சொல்லும்?”

“அது சொல்லாதுளா.”

“பெறகு எதுக்கு நிக்கிய?”

“பதிலுக்கு நிக்கப் பழகணும்லா, அதுக்கு.”

அந்தக் கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கு வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்றாலே ஓர் இளக்காரம் இருந்தது. எனக்கும் இருந்தது, மறைக்க மாட்டேன். வார்டில் அப்படி ஒரு நோயாளி வந்தால் மாணவிகள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி ஒளிவார்கள். இசக்கி ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னாளாம்: “எல்லா வேலையையும் இவங்களே எடுத்துக்கிடுதாங்க டீச்சர். கட்டில்லயும் பாதி இவங்கதான் கெடக்காங்க.”

“சரிதான். ஏட்டீ இசக்கி, சாயந்திரம் எங்கன போற?”

“ஜெர்மன் கிளாசுக்கு டீச்சர்.”

“அது எதுக்கு?”

“படிச்சு முடிச்சு அங்கன வேலைக்குப் போறதுக்கு.”

“அங்கன உள்ளவ வேலையை எடுக்கதுக்கா?”

“எடுக்கதுக்கு இல்ல டீச்சர், அவங்களே வா வான்னு கூப்பிடுதாங்கல்லா!”

“செங்கச் சூளைக்காரன் வா வான்னு கூப்பிடாமலா இவன் ஒடிசாவுல இருந்து ரயிலேறி வந்தான்?”

இசக்கி உட்கார்ந்துவிட்டாள். ஆனால் முகம் சம்மதிக்கவில்லை என்று அவள் தோழிகள் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

சொன்னால் ஏறாது என்று டீச்சருக்குத் தெரியும் போல. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒங்களுக்கு இன்னைக்கு வயித்து வலி. சரியா?”

கேட்டுவிட்டார் அல்லவா? நானும் சரி என்றேன். கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் ஐந்து சொற்கள். எல்லாம் டீச்சரே உண்டாக்கிய பாஷை. வலி என்றால் சிக்கிரி. தண்ணீர் என்றால் லும்பா. ஆமாம் என்றால் மொய். இல்லை என்றால் தக்கு. பயமாக இருக்கிறது என்றால் பொப்பரே. இந்த ஐந்தைத் தவிர என் வாயில் வேறு சொல் வரக்கூடாது.

பொம்மையை ஓரமாக நகர்த்திவிட்டு என்னைப் படுக்கவைத்தார்கள். “சிக்கிரி, சிக்கிரி” என்று முனகினேன். ஒருத்தி முழங்காலை அமுக்கினாள். ஒருத்தி நெற்றியில் ஈரத்துணி போட்டாள். நான் “தக்கு” என்றேன். இன்னொரு துணி போட்டாள். உண்மையிலேயே நாக்கு வறண்டது. “லும்பா” என்றேன். ஓடிப்போய் மூத்திரக் கோப்பையை எடுத்து வந்தார்கள். இசக்கி என் காதோடு வாயை வைத்து, “அண்ணாச்சீ! எங்கன வலிக்கீ!” என்று கத்தினாள். அதற்குப் பிறகு காதும் சிக்கிரி.

அப்புறம் நான்கு பேர் தனியாகக் கூடிப் பேசினார்கள். பேசி முடித்ததும் ஒருத்தி எனிமா டப்பாவோடு வந்தாள். “பொப்பரே! பொப்பரே!” என்று அலறினேன். பிள்ளைகளே, சத்தியமாக அது நடிப்பில்லை.

டீச்சர் குடையைத் தூக்கினார். “அஞ்சு நிமிசத்துல நம்ம டிரைவர் தம்பியையே இந்தப் பாடு படுத்திட்டியளே. நெசமாவே வந்து படுக்கவன் என்னத்துக்கு ஆவான்?”

அந்தச் சமயம் பார்த்து நான் கட்டிலை விட்டு இறங்கி நழுவினேன்.

டீச்சர் பல வருஷம் அரபு நாட்டில் நர்சாக இருந்தவர். அந்தக் கதையை ஒரே தடவையாக எங்களிடம் சொன்னதில்லை. டயர் பஞ்சரான ஒரு மத்தியானம், ரோட்டோரத்தில் நிழலில் நின்றபோது ஒரு துண்டு சொன்னார். அங்கே போன முதல் வாரம், விடுதிப் பொறுப்பாளரான ஓர் அம்மா இவர் மேல் ரொம்பப் பிரியமாக இருந்தாராம். இந்தியாவிலிருந்து வந்த பெண் கறி மீன் தொடமாட்டாள் என்று அந்த அம்மாவாகவே முடிவு பண்ணி, தினமும் தனியாகக் காய்கறி அவித்துக் கொடுத்தாராம்.

“நான் கடக்கரைப் பொண்ணு தம்பி. பால்குடி மறந்ததே மீன் கொழம்புலதான். மூணு மாசம் பீன்ஸா தின்னேன். பக்கத்து மேசையில மீன் பொரிச்ச வாசம் வரும். கண்ணுல தண்ணி வரும். அந்தம்மா, ஊரு ஞாபகம் போலன்னு இன்னும் ரெண்டு கரண்டி பீன்ஸ் வைக்கும்.”

“சொல்ல வேண்டியதுதான டீச்சர்?”

“பிரியமா வைக்குதவகிட்ட எப்பிடிச் சொல்ல? ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

நாங்கள் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். இப்படிப்பட்ட டீச்சர்தான் சுதாம் விஷயத்தில் கோட்டைவிட்டார். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சுதாம் ஒடிசாக்காரர். முப்பது வயது இருக்கும். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு சூளையில் அடுக்கியிருந்த செங்கல் சரிந்து அவர் பாதத்தில் விழுந்துவிட்டது. யாரும் கவனிக்காமல் விட்டதில் புண் உள்ளே சீழ் பிடித்து, காய்ச்சலோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார்: “பத்து நாள் இங்கயே இருந்து ஊசியும் கட்டும் போட்டா பாதம் தப்பும். இப்படியே சூளைக்குப் போனா பாதத்தை எடுக்க வேண்டியதுதான்.”

அவரை டீச்சர் இசக்கியின் பொறுப்பில் விட்டார். ஒவ்வொரு மாணவியும் ஒரு நோயாளியைக் கூடவே இருந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இசக்கிக்கு அழுகை வராத குறை.

சுதாம் முதல் நாளே ஓடிவிட்டார். ஓடினார் என்பது சும்மா பேச்சுக்கு. ஒற்றைக்காலில் தவ்வித் தவ்வி வாசல் வரை போய், பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். சிரித்துக்கொண்டே வந்தார். மறுநாளும் தவ்வினார். மறுநாளும் தள்ளிக்கொண்டு வந்தோம்.

“எல்லாவளுக்கும் படுத்துக்கெடக்க நோயாளி, எனக்கு மட்டும் ஓடுத நோயாளி!” என்று இசக்கி என்னிடம் புலம்பினாள். “இவரு காலு போச்சுன்னா என்னையத்தான் அண்ணாச்சி கேப்பாவ!”

ஏன் ஓடுகிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டீச்சர் தன் அரபு நாட்டு இந்தியை எடுத்துவிட்டார். சுதாம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். “வலி குறைஞ்சிருக்கா?” ஆட்டினார். “தூக்கம் வருதா?” ஆட்டினார். “ஆஸ்பத்திரிச் சோறு, சாம்பாரு ஒத்துக்கலையோ? சப்பாத்தி நல்லதா?” அதற்கும் ஆட்டினார்.

டீச்சர் முகம் மலர்ந்தது. “வடக்க உள்ளவன்லா! சப்பாத்திக்கு ஏங்கிப்போய்க் கெடக்கான்!”

சப்பாத்தியை நம் வீட்டில் உங்கள் அம்மாதான் சுட்டாள். அதற்கு முன் அவள் சப்பாத்தி சுட்டுப் பழக்கமில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாலுகா மாதிரி வந்தது. ஒன்று நாங்குநேரி, ஒன்று அம்பாசமுத்திரம். வேளைக்கு நான்கு வீதம் தூக்குச்சட்டியில் கொண்டுபோவேன். டீச்சர் தன் கையால் எடுத்து வைத்து, “அச்சா? அச்சா?” என்பார். சுதாம், “அச்சா” என்பார். பிறகு பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். எங்களுக்கு ஒரே பெருமை. மாணவிகளில் ஒருத்தி செல்போனில் இந்திப் பாட்டு வேறு போட்டுக் காட்டினாள். இவ்வளவுக்கும் சுதாம் மூன்றாம் நாளும் தவ்வினார். ஆள் வாடிக்கொண்டே போனார். ஊசி மருந்து வெறும் வயிற்றில் குமட்டி, வாந்தி எடுத்தார். “சாப்பிடாத ஆளுக்குப் புண்ணு எப்படி ஆறும்? இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்” என்றார் டாக்டர். அப்புறம் பாதத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம்.

“சாப்பிடுதாரே சார்!” என்றார் டீச்சர்.

நான்காம் நாள் காலையில் வார்டு கூட்ட வந்த அம்மா எறும்பு வரிசை ஒன்றைப் பார்த்திருக்கிறார். அது சுவர் வழியாக ஏறி சுதாமின் கட்டிலுக்குள் போனது. மெத்தையைத் தூக்கினார். நாங்குநேரி, அம்பாசமுத்திரம் என்று உங்கள் அம்மா சுட்ட தாலுகாக்கள் அத்தனையும் அங்கே வரிசையாக இருந்தன. ஒன்றைக்கூடக் கடித்திருக்கவில்லை. மனிதர் எங்கள் மனசு நோகக்கூடாது என்று ஒளித்துவைத்திருக்கிறார்.

இந்தச் செய்தி டீச்சருக்குப் போவதற்குள் இன்னொன்று நடந்தது.

அன்றைக்கு இசக்கி விடுதியில் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டிருந்தாள். கையில் ஒரு டப்பா. வார்டுக்குள் சாப்பிடக்கூடாது என்பது சட்டம். ஆனால் வெளியே போனால் சுதாம் தவ்விவிடுவார். அதனால் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மறைப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தாள். பழைய சோறு. மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, மேலே ஒரு மோர் மிளகாய்.

முதல் வாய் வைப்பதற்குள் துணி விலகியது. சுதாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் டப்பாவிலேயே இருந்தது.

“பகாள,” என்றார்.

“என்னது?”

“பகாள, பகாள!” இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டினார்.

“இதா? இது பழசுய்யா! நேத்துள்ள சோறு! ஒமக்கு ஆவாது!”

கை நீட்டியபடியே இருந்தது. இசக்கி டப்பாவையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். டப்பாவைக் காட்டி, பிறகு அவரைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள்.

சுதாம் தலையை ஆட்டவில்லை. டப்பாவையே வாங்கிக்கொண்டார்.

நான் தூக்குச்சட்டியோடு வார்டுக்குள் நுழையும்போது இசக்கி எதிரே ஓடிவந்தாள். “டீச்சர்! டீச்சர்! எஞ்சோத்தைத் தின்னுட்டாரு டீச்சர்! மொளகாயக்கூட விடல்ல!”

டீச்சர் எங்கிருந்தோ குடையோடு ஓடிவந்தார். சுதாம் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கிடந்த கடைசி நீரையும் குடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. கூட்டுகிற அம்மா சப்பாத்திகளை முறத்தில் அள்ளிக்கொண்டு நின்றார். டீச்சர் முறத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

“நீயா குடுத்தியா, அவரா கேட்டாரா?”

“அவராத்தான் கேட்டாரு டீச்சர். நானும் கேட்டேன்.” வார்டில் சாப்பிட்டதற்கு என்ன கிடைக்கப்போகிறதோ என்று இசக்கி டீச்சரின் குடையையே பார்த்தாள்.

டீச்சர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அவங்க ஊருலயும் சோத்துல தண்ணி ஊத்தித்தான் திம்பாங்க போல. நம்மள மாதிரியேதான். இது கெடைக்காமத்தான் தவ்வுனாரோ என்னவோ,” என்றார். பிறகு, “நான் கேக்கவே இல்லளா. சப்பாத்தி நல்லதான்னு நானே சொல்லிக்கிட்டு, நானே தலையாட்டிக்கிட்டேன்,” என்றார். நோயாளிகள், நர்சுகள், நான், கூட்டுகிற அம்மா எல்லாரும் பார்க்க, சுதாமைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சுதாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் கும்பிட்டார். இப்படியே இரண்டு மூன்று தடவை மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

டாக்டர், “எதுவானாலும் சரி, வயித்துக்குள்ள போனாச் சரி” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சப்பாத்திக்குப் பதில் என் தூக்குச்சட்டியில் பழைய சோறு போனது. வாந்தி நின்றது. காய்ச்சல் இறங்கியது. புண்ணும் ஆறத் தொடங்கியது. ஆனாலும் மனிதர் எதைக் கொடுத்தாலும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். டீச்சருக்கு அந்தச் சிரிப்பில் நம்பிக்கை வரவே இல்லை. மெத்தைக்கு அடியில் தினமும் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். தினமும் வாசலில் ஆள் வைத்தார்.

ஏழாம் நாள் என் பிழை. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். காலையில் உங்கள் அம்மா சுடச்சுட வடித்த சோற்றிலேயே பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆறவைத்து, கொஞ்சம் மோரையும் கலந்து கொண்டுபோய்விட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

சுதாம் ஒரு வாய் வைத்தார். தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்! அவருடைய பாஷையில், இரண்டு நிமிஷம், மூச்சுவிடாமல். சோற்றை விரலால் நசுக்கிக் காட்டினார். முகர்ந்து காட்டினார். என்னையும் முகரச் சொன்னார். நான் புரியாமல் விழித்ததும் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். பிறகு காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

டீச்சர் ஓடிவந்தார். என்னை ஏசுகிறார் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“ஏசுதார்ளா! இசக்கி, இங்க பாரு, ஏசுதாரு!” என்று கையைத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏசட்டும், நல்லா ஏசட்டும். தம்பி, அங்கனயே நில்லுங்க.”

நின்றேன். ஏச்சு முடிகிறபாடாக இல்லை. நான் இசக்கி பக்கம் குனிந்து, “என்ன தாயி சொல்லுதாரு?” என்று கேட்டேன்.

“ஒரு எழவும் வெளங்கல்ல அண்ணாச்சி,” என்றாள் இசக்கி. “ஆனா வாசல்ல நிக்க ஆளைப் போகச் சொல்லலாம். இவரு ஓடமாட்டாரு. ஓடப்போறவரு நாளைக்குச் சோறு இப்பிடி இருக்கப்படாதுன்னு எதுக்கு ஏசப்போறாரு?”